கும்பகோணத்தில் வாங்கிய தாயக்கட்டை: ஒன்பது மாதம் விளையாடிய பிறகு

தாயக்கட்டை வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் புள்ளிகளை விரலால் தடவிப் பாருங்கள். புள்ளி பெயிண்டால் வைத்ததா, பித்தளையிலேயே குழியாக அடித்ததா என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் இந்த ஒரு விஷயம் புரிவதற்கு இரண்டு செட் வாங்க வேண்டியிருந்தது. முதல் செட் இணையத்தில் வாங்கியது. இரண்டாவது, போன சித்திரையில் கும்பகோணத்தில் வாங்கியது. இங்கே நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி. முதலாவதை ஒப்பிட மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் இருப்பது மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் குத்தாலம். வீட்டில் என் மாமியார், என் வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கிற மகள். மகன் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறான், விடுமுறைக்கு வருவான். அத்தைக்கு 78 வயது. கண் அழுத்த நோயால் இடது கண்ணில் பார்வை முழுக்கப் போய்விட்டது, வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். இந்த நோயில் போன பார்வை திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. காலையிலும் ராத்திரியிலும் மகள்தான் மருந்து விட்டுவிடுகிறாள்.

அத்தைக்குப் பழைய படம் என்றால் உயிர். பார்வை மங்கிய பிறகும் அது குறையவில்லை. டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காதால் பார்ப்பார். 1968-ல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தபோது அவர் கல்யாணமாகி வந்த புதுசு. பிறந்த ஊர் திருவாரூர். கதாநாயகி திருவாரூர் மோகனாம்பாள், கதாநாயகன் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துச் சிக்கல் சண்முகசுந்தரம். “ரெண்டு பேரும் எங்க பக்கத்து ஆளுங்க” என்று இன்றைக்கும் சொல்லுவார். அந்தப் படத்தில் சிவாஜிக்காக நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அத்தை அந்த வாசிப்பைக் கேட்டே இப்போது சிவாஜி கன்னத்தை எப்படி உப்பியிருப்பார், பத்மினி எந்தப் பக்கம் திரும்பியிருப்பார் என்று சொல்லிவிடுவார். நான் திரையைப் பார்த்துச் சரிபார்த்திருக்கிறேன். தப்பியதில்லை.

ஆனால் எந்நேரமும் காதால் படம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கூட உட்கார்ந்து எதாவது செய்ய வேண்டும் என்று மகள்தான் தாயத்தை நினைவுபடுத்தினாள். அத்தை சின்ன வயதில் விடாமல் ஆடியவர். கோடை விடுமுறையில் மகனும் வந்திருந்தான். அவன்தான் இணையத்தில் ஒரு செட் வரவழைத்தான். அட்டைப் பெட்டியில் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் பரமபதமும் சேர்ந்து வந்தன. படத்தில் பார்க்க அழகாக இருந்தது.

முதல் நாளே ஏமாற்றம். கட்டை வெறும் தகட்டை மடித்துச் செய்தது, உள்ளே கூடு. புள்ளிகள் கறுப்பு மையில் அச்சடித்தவை. அத்தைக்குக் கண்ணால் புள்ளி தெரியாது, அதனால் கட்டை விழுந்த இடத்தில் ஆள்காட்டி விரலை மெதுவாக மேல் முகத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அதோடு கட்டை லேசாக இருந்ததால் விரல் பட்டதும் புரண்டுவிட்டது. “விரலை வெச்சா ஓடுது, இது என்னடி கட்டை” என்றார். அப்புறம் நாங்கள் சொல்லுகிற எண்ணைக் கேட்டுக்கொண்டு ஆடினார். இரண்டு ஆட்டம்தான். மூன்றாவதற்கு உட்காரவில்லை. யாரோ சொல்லித்தான் தன் எண் தெரிய வேண்டும் என்றால் அதில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது? எனக்கு அது அன்றைக்கே புரிந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பல்லாங்குழிக்குக் குன்றிமணி கொடுத்திருந்தார்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு, பார்க்க அழகுதான். ஆனால் குன்றிமணியின் உள்ளே இருப்பது கடுமையான விஷம். முழுசாக விழுங்கினால் மேல்தோல் கெட்டியாக இருப்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்து மென்றுவிட்டால் ஆபத்து. நாத்தனாரின் பேரன் இரண்டு வயதுக் குழந்தை, எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவான். அன்றைக்கே எடுத்து அப்புறப்படுத்திவிட்டுப் புளியங்கொட்டை போட்டோம். குழிக்கு ஐந்து வீதம் 14 குழிக்கு 70 கொட்டை. வீட்டில் புளி ஆய்ந்தபோது எடுத்து வைத்ததே போதுமாக இருந்தது. சிவப்பாகத்தான் வேண்டும் என்றால் மஞ்சாடி இருக்கிறது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் குன்றிமணி வேண்டவே வேண்டாம்.

சரி, கும்பகோணத்துக்கு வருகிறேன்.

கும்பேஸ்வரர் கோவிலுக்குள் போகிற வழியில் இரண்டு பக்கமும் கடைகள் இருக்குமே, அங்கேயும் சுற்றியுள்ள தெருக்களிலும் பித்தளைப் பாத்திரக் கடைகள் உண்டு. இந்தச் சாமான் நாலைந்து கடையில் கிடைக்கிறது என்பதால் ஒரு கடையை மட்டும் சொல்லவில்லை. குத்துவிளக்குக்குப் பேர்போன நாச்சியார்கோவில் பக்கத்திலேயே இருப்பதால் பித்தளை வேலைக்கு இந்த ஊரில் குறைவில்லை. நான் போன கடையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “தாயக்கட்டை இருக்குங்களா” என்று கேட்டதும், “வெளையாடவா, கொலுவுல வெக்கவா?” என்று திருப்பிக் கேட்டார். விளையாட என்றேன். மேல்தட்டில் பளபளவென்று இருந்ததைத் தொடாமல் கீழே இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொட்டினார். அந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது.

வார்த்த கட்டை, உள்ளே கூடு இல்லை. சுமார் இரண்டரை அங்குல நீளம். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் போட்டேன்: ஒன்று 34 கிராம், மற்றது 35. புள்ளிகள் எல்லாம் குழியாக அடித்தவை, குழியைச் சுற்றி ஒரு வட்டக் கோடு. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே ஒன்றா இரண்டா மூன்றா என்று தெரிகிறது. நாலாவது முகம் வழவழ என்று வெறுமையாக இருக்கும். கனமாக இருப்பதால் தரையில் விழுந்தால் விழுந்த இடத்தில் நிற்கிறது, விரல் வைத்தாலும் அசையாது.

முதல் நாள் சாயங்காலம் அத்தையிடம் கொடுத்தோம். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார், விடவே இல்லை. “எங்க வீட்ல இருந்ததும் இப்படித்தான் கனமா இருக்கும்” என்றார். அப்புறம் தரையில் விட்டார். மகள் எட்டிப் பார்த்து “அப்பாயி, மூணு” என்று கத்தினாள். “நீ சொல்லாதடி, நானே பாத்துக்கறேன்” என்று விரலை நீட்டினார். ஒரு கட்டையில் இரண்டு, இன்னொன்றில் ஒன்று. மூன்றுதான்.

கட்டை ஒழுங்காக விழுகிறதா என்று பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை செய்தார்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு வருகிறது, மகளுக்கு அது உற்சாகமாகிவிட்டது. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் வெறுமை, 2 விதம். ஐந்தும் 2 விதம். இரண்டுமே மூன்றாக விழுகிற ஆறு ஒரே விதம், இரண்டுமே வெறுமையாக விழுகிற பன்னிரண்டும் ஒரே விதம். ஆக 160 தடவை போட்டால் தாயம் 20, ஐந்து 20, ஆறு 10, பன்னிரண்டு 10 என்ற கணக்கில் வர வேண்டும். மகன் போட, மகள் நோட்டில் கோடு கிழித்தாள். கும்பகோணம் கட்டையில் தாயம் 21, ஐந்து 18, ஆறு 11, பன்னிரண்டு 9. இரண்டு, மூன்று, நான்கும் முறையே 31, 38, 32. கணக்குக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் நினைக்கவில்லை. தகட்டுக் கட்டையையும் அதேபோல 160 தடவை போட்டார்கள். பன்னிரண்டு 24, தாயம் 11. பன்னிரண்டு கொட்டிக்கொண்டே இருக்கிறது, ஆனால் தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. அந்தக் கட்டையில் ஆட்டம் ஏன் அலுத்தது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற விதிகள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். நான் திருவையாற்றுப் பக்கம். எங்கள் வீட்டில் யாரையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகவே முடியாது. அத்தை வீட்டு வழக்கத்தில் வெட்டாமலும் போகலாம், ஆனால் மூன்று பன்னிரண்டு தொடர்ந்து விழுந்தால் அத்தனையும் கெட்டுப்போகும். இந்தச் செட்டோடு வந்த விதித்தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது, இந்த இரண்டு விஷயத்தையும் அது தொடவே இல்லை. கும்பகோணத்தில் விற்கிற தாயத்துக்குத் தமிழில் நாலு வரி அச்சடிக்கக் கூடாதா? எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாள் திருவையாறு, ஒரு நாள் திருவாரூர் என்று முறை வைத்து ஆடுகிறோம்.

துணியைப் பற்றி. கட்டையோடு ஒரு காடாத் துணியும், அதில் ஒரு பக்கம் தாயக்கட்டம், மறுபக்கம் பரமபதமும் வந்தன. கட்டம் ஐந்துக்கு ஐந்து, 25 கட்டம். வெளிச்சுற்றில் 16, உள்சுற்றில் 8, நடுவில் காய் போய்ச் சேர வேண்டிய பழம். துணி நல்ல கனம், விரித்தால் சுருங்காமல் படிகிறது. ஆனால் கோடுகள் சாயத்தில் அச்சடித்தவை. முதல் அலசலிலேயே சிவப்பு இறங்கிப் பாதித் துணி ரோஸ் நிறமாகிவிட்டது. விற்கிறவர்கள் உப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள் என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதில் ஒரு நன்மையும் வந்தது. அழிந்த கோட்டின் மேலேயே மகள் தடித்த நூலால் சங்கிலித் தையல் போட்டாள். வெட்ட முடியாத மலைக் கட்டங்களில் குறுக்குக் கோடும் தைத்தாள். முழுசாக முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. இப்போது அத்தை விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போய் எத்தனையாவது கட்டம் என்று தானே எண்ணிவிடுகிறார். கடையிலேயே இப்படித் தைத்து விற்றால் நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவேன்.

பரமபதப் பக்கம் எங்களுக்கு உபயோகப்படவில்லை. படங்கள் மிகச் சின்னது, பாம்பின் தலை எங்கே வால் எங்கே என்று எனக்கே கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது.

காய்கள் இந்தச் செட்டின் பெரிய குறை. கடைசல் மரத்தில் 16 காய்: சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு. வேலைப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு பேர் காயும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு. நிறம் தெரியாதவருக்கு அது 16 ஒரே காய். ஆகவே அவற்றைப் பையிலேயே போட்டுவிட்டுப் பழைய வழிக்குத் திரும்பினோம். அத்தைக்குச் சோழி. எனக்குப் புளியங்கொட்டை. மகளுக்கு உடைந்த கண்ணாடி வளையல் துண்டு, முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கியது. வீட்டுக்காரருக்குக் கழற்சிக்காய். தொட்டவுடன் யார் காய் என்று தெரிகிறது. “சோழிய வெட்டறதுக்கு வந்துட்டியா கழச்சிக்கா” என்று அத்தை தன் மகனைத் திட்டும்போது எனக்கு அத்தனை சந்தோஷமாக இருக்கும்.

கட்டையிலும் ஒரு சின்னக் குறை. ஒன்றின் முனையில் பிசிறு இருந்தது, மொசைக் தரையில் கீறல் விழுந்தது. வீட்டுக்காரர் அரம் வைத்து இரண்டு தேய் தேய்த்ததும் சரியாயிற்று. வாங்கும்போதே முனைகளைத் தடவிப் பார்த்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் கட்டை உருளாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, சத்தமும் அதிகம். எங்கள் கூடத்தில் பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை, அதில் பிரமாதமாக உருள்கிறது. டைல்ஸ் போட்டவர்கள் கோரைப் பாய் விரித்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இப்போது எங்களுக்கு இதுதான் வழக்கம். டிவியில் பழைய படம் ஓடும், தரையில் தாயம் ஓடும். நல்ல காட்சி வந்தால் ஆட்டம் நிற்க வேண்டும் என்பது அத்தை போட்ட சட்டம். ஒரு நாள் ‘கர்ணன்’ ஓடியது. 1964 பொங்கலுக்கு வந்த பந்துலு படம், 2012-ல் புதுப்பித்துத் திரும்பவும் தியேட்டரில் ஓடியதே, அதுதான். அதில் சிவாஜியும் சாவித்திரியும், அதாவது கர்ணனும் பானுமதியும், காய் உருட்டி விளையாடுகிற காட்சி உண்டு. துரியோதனன் வருவதைப் பார்த்துப் பானுமதி எழுந்திருக்க, தோற்கப் போகிறாள் அதனால்தான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்துக் கர்ணன் பிடித்து இழுக்க, முத்துகள் சிதறும். துரியோதனன் சந்தேகப்படாமல் முத்தை எடுத்துத் தரட்டுமா என்று கேட்பான். அத்தை கையில் கட்டையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்குக் கதையை விளக்கினார். அப்புறம் சொன்னார்: “உங்க தாத்தாவும் நானும் ஆடுவோம். தோக்கப் போறேன்னா நானும் எந்திரிச்சிடுவேன். அவரு இழுத்து உக்கார வெப்பாரு.” மாமா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி வந்த இருபத்திமூன்று வருஷத்தில் இந்தச் செய்தியை நான் கேட்டதே இல்லை.

கொட்டகைக் கதையும் அப்படித்தான் வெளியே வந்தது. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்விழிக்கிறவர்களுக்காக விடிய விடியப் படம் போடுவார்கள். கீற்றுக் கொட்டகை, மணல் தரை. புரொஜெக்டர் ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு ரீலும் முடிந்ததும் விளக்கு எரியும். அந்த இடைவெளியில் பெண்கள் பகுதியில் அத்தையும் அவர் அக்காவும் மணலிலேயே விரலால் 25 கட்டம் கிழித்துப் புளியங்கொட்டையை உருட்டி ஆடுவார்களாம். விளக்கு அணைந்தால் காயை அப்படியே விட்டுவிட்டுப் படம். ரீல் முடிந்தால் மறுபடி ஆட்டம். இருட்டில் யாராவது காயை நகர்த்திவிட்டார்களா என்று ஒவ்வொரு தடவையும் சண்டை.

இந்த மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு வீட்டிலேயே அப்படி ஒரு ராத்திரி ஏற்பாடு செய்தோம். மகனும் வந்திருந்தான். மூன்று படம் எடுத்து வைத்தான், அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி விளக்கைப் போடுவது அவன் பொறுப்பு. விளக்கு எரிந்ததும் தாயம். வீட்டுக்காரர் ஒரு மணிக்கே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார், அவர் கழற்சிக்காயை மகள் சேர்த்து ஆடினாள். நாலு மணிக்கு அத்தைக்கு ஒரு சோழி பாக்கி, பழம் ஏற ஒரே கட்டம், தாயம் விழ வேண்டும். போட்டார், மூன்று. அடுத்த சுற்றில் நான்கு. அதற்கடுத்து விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஒரு கட்டையைத் தடவினார், மற்றதைத் தடவினார், மறுபடியும் முதலாவதைத் தடவினார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துவிட்டோம், ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. “ஒண்ணு… இது மொட்டை” என்றார் மெதுவாக. அப்புறம்தான் மகள் கத்தினாள். துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் பரிமாறும்போதும் அத்தை அந்தத் தாயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

விலை: கட்டை, துணி, காய், பை எல்லாம் சேர்ந்து 560 ரூபாய். கட்டை மட்டும் ஜோடி 220 ரூபாய்க்குத் தனியாகவும் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் கட்டையை மட்டும் வாங்குங்கள். கட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் போட்டுக்கொள்ளலாம், காய்க்கு வீட்டில் இல்லாததா? கடையில் “குழி அடிச்ச கட்டை, கூடு இல்லாதது” என்று கேளுங்கள். இரண்டையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துக் கனம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது மாதத்தில் குழிகள் தேயவில்லை, முகம் மழுங்கவில்லை. கறுத்தால் புளி போட்டுத் தேய்த்தால் போதும், ஆனால் குழியில் புளி தங்காமல் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும்.

திருவாரூரில் இருக்கிற அத்தையின் அக்காவுக்கும் ஒரு ஜோடி வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கும்பகோணம் போகிறோம். அத்தையும் கூட வருகிறார். பெரியவரை அந்தப் பொட்டலம் முழுவதையும் கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தானே தடவிப் பார்த்து எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.